பர்மா பிரதிநிதியின் கொரிய மொழிப் புலமை

என்னை பர்மாக்காரன் ஆக்கியது பத்ரிநாராயணன்தான். அதற்கு முன்னால் முப்பத்து மூன்று வருஷம் நான் சாந்தோம்காரனாகத்தான் இருந்தேன். யாருக்கும் ஒரு ஆட்சேபணையும் இருந்ததில்லை.

தொண்ணூற்றேழில் நடந்தது. தேனாம்பேட்டையில் நான் ஸ்டோர்கீப்பராக இருந்த பம்ப்செட் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் ஃப்ளோராவின் டீச்சர் சம்பளம்தான். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "என்னங்க, கதவைச் சாத்திக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். பகலெல்லாம் வீட்டில் இருக்கிற ஆம்பளையிடம் சொல்ல வேறு என்ன இருக்கிறது?

அந்தச் சமயத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரியாக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கார் பாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனிக்கு ஸ்டோர்ஸில் ஆள் வேண்டும் என்று பேப்பரில் வந்தது. கொஞ்சம் கொரிய மொழி தெரிந்தால் முன்னுரிமை. வயது முப்பத்தாறுக்கு மேல் ஆகாது. எனக்கு முப்பத்தாறு. இன்டர்வியூ பிப்ரவரியில், என் பிறந்தநாள் மார்ச்சில். இதை விட்டால் வேறு கதி இல்லை என்று எனக்கும் தெரியும், ஃப்ளோராவுக்கும் தெரியும். "இந்த வேலை மட்டும் கிடைச்சுட்டா செப்டம்பர்ல வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றதா மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்" என்றாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. அதையும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டாள்.

மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், 'கொரியப் பாரம்பரியக் கலை, மொழி, இலக்கிய அறிமுக மையம்' என்று புதுப் பலகை மாட்டியிருந்தார்கள். பலகையில் எழுத்து மட்டும்தான் புதுசு. முன்னால் அங்கே 'ருஷ்ய இலக்கியச் சுவைஞர் வட்டம்' இருந்தது. அந்த நாடு இல்லாமல் போனதும் பலகைக்கு வெள்ளையடித்து மேலே கொரியாவை எழுதிவிட்டார்கள். மழை பெய்தால் கொரியாவுக்கு அடியில் ருஷ்யா தெரியும்.

செயலாளர் பத்ரிநாராயணன் பட்டு ஜிப்பா, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கையில் ஏலக்காய் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"கொரியன் கத்துக்கணும் சார்."

"நீங்க எந்த தேசம்?"

"சாந்தோம் சார்."

"அடடா. இது வெளிநாட்டு மாணவாளுக்கு மட்டும்தான். கொரியாலேர்ந்து உதவி வர்றதே அதுக்குத்தானே? உள்ளூர்க்காராளுக்கு இங்க ஒண்ணும் சொல்லிக் கொடுக்கப்படாது."

எழுந்து கிளம்பினேன். முகம் தொங்கிப்போனதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "பொறந்ததாவது எங்கே?" என்றார்.

"ரங்கூன்ல சார். அப்பா அங்க துறைமுகத்துல வேலை பார்த்தாரு. எனக்கு மூணு வயசு இருக்கும்போதே எல்லாரையும்..."

"அதுக்கு மேல சொல்லாதீங்கோ" என்று கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெல்கம் டு இந்தியா" என்றார்.

அன்றையிலிருந்து நாலு பேர் முன்னால் என்னோடு அவர் தமிழில் பேசவில்லை. இங்கிலீஷில்தான். அதுவும் ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல. விழாக்களுக்குத் தேசிய உடையில் வரவேண்டும் என்றும் சொன்னார். பர்மாவின் தேசிய உடை என்ன என்று கேட்டு வரச் சொன்னார்கள். விசாரித்ததில் அது கைலி என்று தெரிந்தது. வேறு யாராவது கைலி கட்டிக்கொண்டு மயிலாப்பூர் ஹாலுக்குள் போயிருந்தால் வாசலிலேயே காலை உடைத்திருப்பார்கள். என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து, எதிரில் 'பர்மா' என்று ஒரு அட்டையையும் வைத்தார்கள்.

என்னோடு சேர்ந்து படித்த மற்ற தேசத்தாரையும் சொல்லிவிடுகிறேன். மொரீஷியஸ் பெண் ஒருத்தி முதல் நாள் வந்தாள். வரவேற்புரை நடுவில் எழுந்து போனவள் திரும்பவில்லை. நேபாளத்துக்கு, பக்கத்து அடுக்குமாடியில் வாட்ச்மேனாக இருந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். மடியில் டார்ச் லைட்டோடு வருவார், தூங்குவார், டிபன் வந்ததும் விழித்துக்கொள்வார். நிஜமான வெளிநாட்டுக்காரன் ஒருத்தன்தான், சூடானிலிருந்து வந்து பி.காம் படித்துக்கொண்டிருந்த ஒஸ்மான். ஆறடி உயரம். மந்தைவெளியில் ஒரு லாட்ஜில் தங்கி, பக்கத்து டீக்கடையில் தமிழ் கற்றுக்கொண்டவன்.

"இன்னா நைனா, பர்மாவா நீ?" என்றான் முதல் நாள்.

"சாந்தோம்பா."

"அட, நம்ம ஏரியா! நானு மந்தவெளி. இங்க பஜ்ஜி சூப்பரா கீதுன்னு சொன்னாங்கோ, வந்துட்டேன்."

பத்ரிநாராயணனிடமும் அவன் இப்படித்தான் பேசுவான். "சார், கிளாஸ் எப்போ சார் ஆரம்பிப்பீங்கோ?" என்பான். அவர் புன்னகையோடு என் பக்கம் திரும்பி, "வாட் இஸ் ஹி சேயிங்?" என்பார். நான், "வென் கிளாஸ் ஸ்டார்ட், சார்" என்பேன். "ஸூன், ஸூன்" என்று அவன் தோளைத் தட்டிக் கொடுப்பார்.

அந்த ஸூன் வருவதற்குத்தான் நாளாயிற்று. முதலில் மையத்தின் தொடக்க விழா. அப்புறம் கலைப் பிரிவின் தொடக்க விழா, மொழிப் பிரிவின் தொடக்க விழா, இலக்கியப் பிரிவின் தொடக்க விழா. ஒவ்வொன்றுக்கும் இறைவணக்கம், குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை, டிபன். பிரிவுகளுக்கெல்லாம் தலைவர்கள் நியமித்தபிறகு, தலைவர்களைப் பாராட்டி ஒரு விழா எடுத்தார்கள். அக்டோபர் போயிற்று. தீபாவளி போயிற்று. நான் கைலியைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு போய்வந்தேன்.

இலக்கியப் பிரிவு தொடக்க விழாவில் பத்ரிநாராயணன் பேசியது எனக்கு இன்னும் அப்படியே மனப்பாடம். "கொரிய இலக்கியத்தில் ஒரு வரியைக்கூட நான் இன்றுவரை படித்ததில்லை. இதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். படித்தவனுக்கு விருப்பு வெறுப்பு வந்துவிடும். ஒரு நிறுவனத்தின் செயலாளர் நடுநிலையில் நிற்கவேண்டியவர். ருஷ்ய இலக்கியத்துக்கும் நான் இத்தனை ஆண்டுகள் இதே நடுநிலையோடுதான் தொண்டாற்றினேன் என்பதைச் சபையோர் அறிவீர்கள்." சபையோர் அறிந்திருந்தார்கள். நீண்ட கைதட்டல்.

எல்லா விழாவிலும் மேடை நடுவில் ஒரு கொரிய அம்மா உட்கார்ந்திருப்பார். பெயர் ஹான். கணவர் ஏதோ கொரியக் கம்பெனியில் இன்ஜினீயர், அடையாறில் வீடு. ஊரில் சின்ன வயசிலிருந்தே பான்சோரி என்கிற கதைப்பாட்டு கற்றவராம். கொரிய மொழி, பாட்டு, கவிதை எல்லாவற்றையும் எங்களுக்குச் சொல்லித்தரத்தான் அவரை அழைத்திருந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் கையில் ஒரு மடித்த விசிறியோடு வருவார். ஒவ்வொரு முறையும் பொன்னாடையோடு காரில் ஏறுவார். விசிறி விரிந்ததே இல்லை. பொன்னாடை போர்த்திப் போர்த்தி, யாராவது இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரில் வந்தாலே கழுத்தைக் குனிந்துகொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. ஒரு தடவை கேண்டீன்காரர் காபித் தட்டை நீட்டியபோதும் குனிந்தார்.

நான் ஒரு நாள் காருக்கு ஓடி, "மேடம், கொரியன் கிளாஸ்?" என்றேன்.

"எஸ், எஸ், தேங்க் யூ" என்றார். மயிலாப்பூரில் அதை வைத்துக்கொண்டே காலம் தள்ளலாம் என்று அவர் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார்.

பொறுக்கமுடியாமல் பத்ரிநாராயணனிடம் போய் நின்றேன். "சார், பிப்ரவரில எனக்கு இன்டர்வியூ. ஹான் அம்மாவை ரெண்டு வார்த்தை சொல்லித்தரச் சொல்லுங்க சார்."

தனியாக இருந்ததால் தமிழிலேயே பதில் சொன்னார். "அந்த அம்மா எப்படிச் சொல்லித்தர முடியும்? அவாளுக்கு அது தாய்மொழின்னா? பேசத்தான் வரும். போதிக்கத் தகுதின்னு ஒண்ணு வேண்டாமா? மொழிப் பிரிவுக்குக் கோதண்டபாணி சாரைப் போட்டிருக்கு. அவர் எம்.ஏ."

"எதுல சார்?"

"எகனாமிக்ஸ்."

கோதண்டபாணிக்கு எழுபத்தைந்து வயசிருக்கும். யுத்த காலத்தில் மலேயாவில் இருந்தவர். அதனால் கிழக்காசியா முழுவதும் அவருக்கு அத்துப்படி என்று பத்ரிநாராயணன் மேடையிலேயே அறிவித்திருந்தார். மனுஷர் நல்லவர். நேரத்துக்கு வருவார். டிசம்பரில் மற்ற எல்லோரும் கச்சேரி கேட்கப் போய்விட்ட மத்தியான வேளைகளில் என்னையும் ஒஸ்மானையும் உட்காரவைத்து நிஜமாகவே பாடம் நடத்தினார். அத்தனை மாசத்தில் பாடம் என்று ஒன்று நடந்தது அதுதான்.

"இச்சி, நி, சான், ஷி, கோ" என்பார். நாங்கள் திருப்பிச் சொல்லவேண்டும். "பெரியவா முன்னாடி போய் நின்னா, குதிகால் ரெண்டையும் சேர்த்து, கையைத் தொடையில ஒட்டிண்டு, வயித்துலேர்ந்து சத்தமா 'கியோத்ஸுகே!'ன்னு சொல்லணும். அதுதான் வணக்கம். மெதுவாச் சொன்னா மரியாதை இல்லை."

நான் வெறி பிடித்தமாதிரி படித்தேன். ஃப்ளோரா சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒப்பிக்கச் சொல்வாள். நான் நடு வீட்டில் நின்று கியோத்ஸுகே என்று கத்தினால் எதிர்வீட்டு நாய் குரைக்கும். "சத்தம் பத்தலைங்க, சார் வயித்துலேர்ந்துன்னு சொன்னார்ல" என்பாள். கண்ணில் தண்ணீர். வெங்காயம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒஸ்மானுக்கு மட்டும் சந்தேகம். "நைனா, இந்த இச்சி நி சான் நான் கேட்டுகீறேன். எங்க லாட்ஜ் மொட்டை மாடியில கராத்தே கிளாஸ் நட்த்துறான் ஒருத்தன். அவன் இத்தச் சொல்லித்தான் ஒதைக்கிறான்."

பத்ரிநாராயணனிடம் ஓடினேன். அவர் ஏலக்காயை மென்றுகொண்டே முழுவதும் கேட்டார். "கராத்தே எங்கேர்ந்து போச்சு? காஞ்சீபுரத்துலேர்ந்து போச்சு. புத்தர் எங்கேர்ந்து போனார்? இங்கேர்ந்து போனார். எல்லாமே நம்மாத்துலேர்ந்து போனதுதான். அதுல கொரியா என்ன, ஜப்பான் என்ன? போய்ப் படியுங்கோ."

போய்ப் படித்தேன். வேறு என்ன செய்ய?

பொங்கலுக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஹான் அம்மா ஏதோ விழா ஒத்திகைக்கு என்று சீக்கிரமே வந்துவிட்டார். நாங்கள் உள்ளே கத்திக்கொண்டிருந்தோம். ஜன்னல் பக்கம் நிழல் தெரிந்து திரும்பினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. விடுவிடென்று ஆபீஸ் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. அவர் குரல் உயர்ந்து கேட்டது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பத்ரிநாராயணன் மட்டும் வெளியே வந்தார்.

"நம்ம உச்சரிப்பைக் கேட்டு அம்மாவுக்குக் கண் கலங்கிடுத்து" என்றார். அன்று சாயங்காலம் ஹான் அம்மாவுக்கு இன்னொரு பொன்னாடை போட்டார்கள். அன்றைக்கு மட்டும் அவர் கழுத்தைக் குனியவில்லை. பத்ரிநாராயணன் எட்டித்தான் போட்டார்.

ஜனவரிக் கடைசியில் ஒரு விழா. சிறப்பு விருந்தினர் யாரோ பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தேனாம்பேட்டை சிக்னலில் கார் மாட்டிக்கொண்டது என்று செய்தி வந்தது. வரவேற்புரையை அவர் வந்தபிறகுதான் ஆரம்பிக்கவேண்டும். இறைவணக்கத்தை இரண்டு முறை பாடியாயிற்று. ஹாலில் ஜனம் நெளிய ஆரம்பித்தது. பத்ரிநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் ஹான் அம்மாவைப் பார்த்தார்.

"அவர் வர்ற வரைக்கும் நீங்க ஏதாவது பாடுங்களேன்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஹான் அம்மா எழுந்தார். மேடை விளிம்புக்கு வந்தார். விசிறியை விரித்தார். இத்தனை மாசத்தில் அது விரிந்து பார்த்தது அன்றுதான். உள்ளே ஒரு நீலப் பூ வரைந்திருந்தது. "ஐ சிங், யூ ஷவுட்" என்றார். "யூ நோ ஷவுட், ஐ நோ சிங்."

பத்ரிநாராயணன் மைக்கை வாங்கினார். "சபையோர் தயவுசெய்து அமைதி காக்குமாறு அம்மையார் கேட்டுக்கொள்கிறார்" என்று மொழிபெயர்த்தார்.

முரசு தட்ட ஆள் இல்லை. பொன்னாடைகள் அடுக்கியிருந்த மேஜையை அவரே இடது கையால் தட்டிக்கொண்டு பாடினார். பாட்டா, பேச்சா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. கரகரவென்று அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல், கிழிந்துபோன மாதிரி. கிழிந்த இடத்திலிருந்துதான் பாட்டே வந்தது.

முன்வரிசையில் ஒரு மாமா, "பாவம், தொண்டை கட்டிண்டிருக்கு" என்றார். பக்கத்து மாமி, "பனியோன்னோ" என்றார். உடனே கேண்டீனுக்கு ஆள் ஓடி, மிளகும் பனங்கற்கண்டும் போட்ட சூடான பால் மேடைக்கு வந்துவிட்டது. இரண்டு கையும் நீண்டதும் ஹான் அம்மா பழக்கத்தில் குனிந்தார். அப்புறம் டம்ளரைப் பார்த்து, வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

ஒரு வரியை உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். விசிறி மேலே. கண் எங்கள் மேலே. யாராவது குரல் கொடுக்க வேண்டும் என்று காத்து நின்றார். மயிலாப்பூர் அமைதி காத்தது. நேபாளம் தூங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தொண்டைவரை வந்தது, வெளியே வரவில்லை.

"அப்டிப் போடு தாயீ!" என்றான் ஒஸ்மான், ஹால் அதிர.

ஹான் அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். விசிறியை மடித்து அவனை நேராகக் காட்டினார். அடுத்த வரி மேஜையை உடைத்துக்கொண்டு வந்தது. "ஆங், அப்டித்தான்! வுடாத!" என்றான் ஒஸ்மான். அவர் சிரித்துக்கொண்டே பாடினார்.

பாட்டு அங்கேயே நின்றது. சிறப்பு விருந்தினர் வாசலுக்கு வந்துவிட்டார். நாதஸ்வர கேசட்டைப் போட்டுவிட்டார்கள். பத்ரிநாராயணன் ஹான் அம்மாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஒஸ்மானை எழுந்து நிற்கச் சொன்னார். கலை நிகழ்ச்சியில் கூச்சல் போட்டதற்காக அவனை மையத்திலிருந்து நீக்குவதாக அங்கேயே அறிவித்தார்.

ஹான் அம்மா எழுந்து ஓடிவந்து அவர் ஜிப்பாக் கையைப் பிடித்தார். "ஹி குட்! ஒன்லி ஹி குட்!"

"அம்மையார் தம் பெருந்தன்மையால் மன்னிக்கிறார்" என்றார் பத்ரிநாராயணன் மைக்கில். "ஆனால் மையம் மன்னிக்காது. கொரியக் கலையின் கௌரவத்தை வெறும் கொரியர்களின் பொறுப்பில் விட்டுவிட முடியாது."

இதற்கும் கைதட்டினார்கள். ஒஸ்மான் போகும்போது என் தோளில் கை போட்டான். "வர்ட்டா நைனா. இன்டர்வியூ முடிஞ்சதும் லாட்ஜாண்ட வா. பஜ்ஜிதான் போச்சு, வுடு."

பிப்ரவரியில் இன்டர்வியூ. தி. நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் கம்பெனியின் தற்காலிக ஆபீஸ். ஃப்ளோரா அன்று பள்ளிக்கு லீவு போட்டு என் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். தைரியமாகத்தான் போனேன். வரிசையில் இருந்தவர்களில் யாருக்கும் ஒரு வார்த்தை கொரியன் தெரியாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

உள்ளே மூன்று பேர். ஆள் எடுக்கும் பிரிவின் அதிகாரி காமாக்ஷி என்ற அம்மா. ஒரு இளவயசுக் கொரியர். நடுவில் தலை முழுக்க நரைத்த பெரியவர், அறுபதைத் தாண்டியவர், சாந்தமான முகம். "யூ நோ கொரியன்?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

குதிகாலைச் சேர்த்தேன். கையைத் தொடையில் ஒட்டினேன். வயிற்றிலிருந்து கத்தினேன். "கியோத்ஸுகே!"

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கை இரண்டும் தொடையில் ஒட்டியிருந்தன. முதுகு விறைப்பு. கண் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தது. ஐந்தாம் கிளாஸ் பையன் வாத்தியார் முன்னால் நிற்பானே, அப்படி நின்றார்.

நான் சந்தோஷப்பட்டேன். ஆண்டவரே, வேலை செய்கிறதே என்று நினைத்தேன். அதே வேகத்தில், "இச்சி! நி! சான்! ஷி! கோ!" என்றேன். பெரியவரின் உதடும் கூடவே அசைந்தது.

இளவயசுக்காரர் நாற்காலியை எடுத்து நிறுத்தினார். பெரியவர் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார், டம்ளர் பல்லில் இடித்தது. இளவயசுக்காரர் என்னைப் பார்த்துக் கோபமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பெரியவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கொரியனில் தணிவாக ஏதோ சொன்னார், இளவயசுக்காரர் அதைக் காமாக்ஷிக்கு இங்கிலீஷில் சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. பிறகு பெரியவர் என்னிடம் இங்கிலீஷில் கேட்டார். "யார் சொல்லிக் கொடுத்தது?"

"கொரியப் பாரம்பரியக் கலை, மொழி, இலக்கிய அறிமுக மையம், மயிலாப்பூர், சார்."

தலையை ஆட்டினார். "தேங்க் யூ. யூ மே கோ" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாடிப்படி வரைக்கும் காமாக்ஷி கூடவே வந்தார். "ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க? அது ஜப்பான் பாஷை சார். வணக்கமும் இல்லை. அட்டென்ஷன்னு பட்டாளத்துல கத்துவாங்களே, அது. அவர் சின்னப் பையனா இருந்தப்போ கொரியாவை ஜப்பான்காரன் ஆண்டான். ஸ்கூல்ல தினம் காலைல அந்த வார்த்தையைத்தான் கத்துவானாம். சொந்த பாஷைல பேசினா அடியாம். இத்தனை வருஷம் ஆச்சு, காலு தானா எழுந்துடுத்துங்கறார்."

பாண்டி பஜார் வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

"என்னாச்சுங்க?" என்றாள் ஃப்ளோரா.

"எழுந்து நின்னாரு."

"யாரு?"

"பெரியவரு. அப்புறம் போகச் சொல்லிட்டாரு."

"சோறு போடட்டுமா?" என்றாள். சாப்பிட்டேன். உப்பு இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் மையத்துக்குப் போனேன். முதலில் கோதண்டபாணியிடம் சொன்னேன். மனுஷர் வாயைத் திறந்தபடி கேட்டார். "மலேயாவுல ரயில் பாதை போட்டுண்டிருந்தோம். ஜப்பான்காரன் வந்தாலே முதல்ல அதைத்தான் சொல்லுவான். நாங்க எல்லாரும் எழுந்து நிப்போம். வணக்கம்னு நினைச்சேனே..."

"நிக்கலேன்னா சார்?"

"அடிப்பான்" என்றார். சொன்னபிறகு அதை அவரே முதல்தடவையாகக் கேட்டதுபோல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

பத்ரிநாராயணன் பதறவே இல்லை. "தெரியுமே. ஹான் அன்னிக்கே சொல்லித்து. இது எங்க பாஷை இல்லை, நிறுத்துங்கோன்னு ஒரே அழுகை. ஆனா பாடத்திட்டத்தை மாத்தணும்னா பொதுக்குழு கூடணும். பொதுக்குழு ஏப்ரல்லன்னா?"

"என் இன்டர்வியூ பிப்ரவரில சார்."

"அதான் சொல்றேன், ஏப்ரல்ல வச்சிண்டிருக்கலாம்." ஏலக்காய் டப்பாவைத் திறந்தவர் சட்டென்று நிறுத்தினார். "இருங்கோ. அந்தக் கொரியாக்காரர் எழுந்து நின்னாரா? பெரிய அதிகாரியா? நீங்க பேச ஆரம்பிச்ச உடனேயா?"

"ஆமா சார்."

"அடடா!" என்றார். அவர் கண் மேடையைப் பார்க்கப் போய்விட்டது.

மார்ச்சில் நிறைவு விழா. என் பிறந்தநாளும் அதே வாரம்தான் போயிற்று. ஏன் போனீர்கள் என்று ஃப்ளோரா கேட்டாள். வீட்டில் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கவேண்டும், அதனால் போனேன். கைலியைக் கட்டிக்கொண்டு, 'பர்மா' அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். 'சூடான்' அட்டை காலி நாற்காலியின் முன்னால் அப்படியே இருந்தது.

"இந்த மையத்தின் சாதனைக்கு ஒரே ஒரு சான்று போதும்" என்றார் பத்ரிநாராயணன். "நம் பர்மா மாணவர் கொரிய அதிகாரிகள் முன்னிலையில் பேசத் தொடங்கிய கணத்தில், அவர்களில் மூத்தவர் தம்மை மறந்து, இருக்கையை விட்டு எழுந்து நின்றார். ஒரு மொழிக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?" ஹால் முழுக்கக் கைதட்டல். "அவருக்கு நம் ஹான் அம்மையார் பொன்னாடை அணிவிப்பார்."

மேடை ஏறினேன். ஹான் அம்மா மேஜையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்தார். அவருக்கே போட்டதில் ஒன்றாக இருக்கும். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரில் வந்தார். நான் கழுத்தைக் குனிந்தேன். போர்த்திவிட்டு, பொன்னாடையின் இரண்டு முனையையும் விடாமல் பிடித்துக்கொண்டு, என் முகத்துக்கு நேராகக் கொரிய மொழியில் ஏதோ சொன்னார். நீளமாக, நிதானமாகச் சொன்னார். ஒருத்தர் எனக்கென்று நேராகப் பேசிய கொரிய மொழி அது ஒன்றுதான். ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. மன்னிப்புக் கேட்டாரா, திட்டினாரா, ஊருக்குப் போகிறேன் என்றாரா, இன்றுவரை தெரியாது.

சொல்லி முடித்துவிட்டு, அன்று பாட்டு நடுவில் நின்றாரே, அதேபோல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்டிப் போடு தாயீ" என்றேன், மெதுவாக.

ஹான் அம்மா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பத்ரிநாராயணன் மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். "இருவரும் கொரிய மொழியிலேயே உரையாடிக்கொண்டதைச் சபையோர் நேரில் கண்டீர்கள்" என்றார். கைதட்டல் அடங்கியதும் நன்றியுரையை ஆரம்பித்தார்.